ஆறேகால் பைசாவும் ஒரு தனிநாடும்



2019 நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை பசிபிக் கடலின் ஒரு தீவுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு நடந்தது. சீட்டில் இரண்டே கட்டங்கள். பப்புவா நியூ கினி நாட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு கூடுதல் தன்னாட்சி வேண்டுமா, முழு விடுதலை வேண்டுமா? தன்னாட்சி போதும் என்றவர்கள் 3,043 பேர். விடுதலை வேண்டும் என்றவர்கள் 1,76,928 பேர். செல்லுபடியான வாக்குகளில் நூற்றுக்கு 98க்கு மேல். வாக்கெடுப்பு ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் அயர்லாந்தின் முன்னாள் பிரதமர் பெர்ட்டி ஆஹர்ன். வெளிநாட்டுப் பார்வையாளர்களும் இருந்தார்கள். மிரட்டி வாங்கிய கணக்கு என்று தள்ளிவிட முடியாது.

தீவின் பெயர் போகன்வில். நம் தெருச் சுற்றுச்சுவர்களில் கொட்டிக் கிடக்கும் காகிதப்பூவுக்குப் போகன்வில்லா என்று பெயர் வந்ததும், 1768இல் அந்தப் பக்கம் கப்பலோட்டிப் போன அதே பிரெஞ்சுக்காரரால்தான்.

சில பகுதிகள் தாங்கள் சேர்ந்திருக்கும் நாட்டிலிருந்து ஏன் பிரிய நினைக்கின்றன என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். ஸ்காட்லாந்து, கியூபெக், குர்திஸ்தான், சோமாலிலாந்து என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். போட்டித் தேர்வுக்குப் படிப்பதுபோல ஆகிவிடும். அதனால் ஒரு தீவை எடுத்துக்கொண்டு அதற்குள் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். போகிற வழியில் மட்டும் வேறு ஒன்றிரண்டு இடங்களில் நிற்போம்.

முதலில் மேற்கு ஆஸ்திரேலியா. மொழி வேறு, இனம் வேறு, மதம் வேறு, அதனால் பிரிகிறார்கள் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த இடம்தான் நினைவுக்கு வரும். 1933 ஏப்ரல் 8ஆம் தேதி அந்த மாநில மக்கள், ஆஸ்திரேலியக் கூட்டாட்சியிலிருந்து விலகலாமா என்று வாக்களித்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் விலகலாம் என்றார்கள். பெர்த்தில் இருப்பவரும் சிட்னியில் இருப்பவரும் பேசுவது ஒரே ஆங்கிலம், இருவருக்கும் மன்னர் ஒருவரே, பாட்டன்மார் வந்த கப்பல்கூட ஒரே துறைமுகத்திலிருந்து புறப்பட்டதாக இருக்கும். பிறகு என்ன கோபம்?

கோதுமைதான். உலகப் பொருளாதார மந்தத்தில் கோதுமை விலை விழுந்து கிடந்தது. மேற்கத்திய விவசாயி தன் விளைச்சலை உலகச் சந்தை விலைக்கு விற்க வேண்டும். ஆனால் உழவுக் கருவியையும் இயந்திரத்தையும் கிழக்கு மாநில ஆலைகளைக் காப்பாற்றப் போட்ட இறக்குமதி வரியின் விலைக்கு வாங்க வேண்டும். விற்கும்போதும் நட்டம், வாங்கும்போதும் நட்டம். அந்த வரியைப் போட்டது தொலைவில் இருந்த கூட்டாட்சி அரசு. வேடிக்கை என்னவென்றால், அதே நாளில் நடந்த மாநிலத் தேர்தலில், வாக்கெடுப்பை நடத்திய ஆளுங்கட்சியை மக்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிரிவினையை எதிர்த்த தொழிற்கட்சியைக் கொண்டுவந்தார்கள். வாக்காளர் குறும்புக்கு நாடு ஏது!

மனு லண்டனுக்குப் போனது. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெரா கேட்காமல் நாங்கள் தலையிட முடியாது என்று 1935இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு கைகழுவியது. இதற்கிடையில் கான்பெரா ஒரு வேலை செய்திருந்தது. 1933இலேயே மானிய ஆணையம் ஒன்றை அமைத்து, பின்தங்கிய மாநிலங்களுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் கணக்குப் பார்க்க வைத்தது. குறையைச் சொல்ல ஓர் இடம், அதை எண்ணிப் பார்க்க ஓர் ஆள், கையில் கொஞ்சம் பணம். கோதுமை விலையும் பிறகு தேறியது. சில ஆண்டுகளில் பிரிவினைப் பேச்சு அடங்கிவிட்டது.

கான்பெராவை மறக்காதீர்கள். போகன்வில் கதையிலும் அது வருகிறது.

போகன்வில் மக்களுக்கு நிறத்திலும் உறவிலும் நெருக்கமானவர்கள் தெற்கே இருக்கும் சாலமன் தீவுக்காரர்கள். அந்தப் பக்கத்துத் தீவுகளுக்குச் சிறு படகிலேயே போய் வரலாம். பப்புவா நியூ கினியின் தலைநகரான போர்ட் மோர்ஸ்பியோ ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஜெர்மனியும் பிரிட்டனும் 1886இல் கடலில் ஒரு கோடு போட்டு, 1899இல் அதைத் திருத்தி, சாலமன் தீவுகள் அனைத்தும் பிரிட்டனுக்கு, போகன்விலும் அதை ஒட்டிய புக்காவும் ஜெர்மனிக்கு என்று முடித்துக்கொண்டன. முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா வந்து பிடித்துக்கொண்டது. நியூ கினியோடு சேர்த்து ஆண்டது.

அப்படியானால் வேறுபாடுதான் காரணம் என்று மறுபடியும் அங்கேயே வந்து நிற்கலாம். ஆனால் போகன்விலுக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. மலைக்காரரும் கடற்கரைக்காரரும் ஒருவரையொருவர் நம்பியதாகப் பழைய கதைகள் எதுவும் சொல்லவில்லை. நாம் எல்லாரும் ஒரு மக்கள் என்ற எண்ணம் அங்கே வலுத்தது தோட்டங்களும் சுரங்கமும் வந்த பிறகுதான். நியூ கினிப் பெருநிலத்திலிருந்து ஆயிரக்கணக்கில் கூலியாட்கள் வந்திறங்கினார்கள். கன்னங்கரேலென்ற தங்கள் நிறத்தை அவர்கள் கேலி செய்ததையும், பதிலுக்கு அவர்களைச் ‘செந்தோலர்’ என்று தாங்கள் கூப்பிட ஆரம்பித்ததையும் போகன்வில்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். 1972 டிசம்பரில் பெருநிலத்தில் கோரோகா அருகே ஒரு சாலை விபத்தில் சிறுமி ஒருத்தி இறக்க, காரில் இருந்த இரண்டு போகன்வில் அரசு அலுவலர்களைக் கும்பல் அடித்தே கொன்றது. அதன் பிறகு நிறம் வெறும் நிறமாக இருக்கவில்லை.

சுரங்கத்துக்கு வருகிறேன். 1964இல் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனத்தின் ஆட்கள் தீவின் நடுமலையில், பங்குனா என்ற இடத்தில், செம்பு இருக்கிறதா என்று துளைபோட்டுப் பார்க்க வந்தார்கள். செம்பு இருந்தது, தங்கமும் சேர்ந்து இருந்தது. 1972இல் உற்பத்தி தொடங்கியபோது உலகின் மிகப் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களில் ஒன்று அது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்குக் குழி.

நிலத்துக்கு மேலே உள்ளது உங்களுடையது, கீழே உள்ளது அரசினுடையது என்றது ஆஸ்திரேலியச் சட்டம். மலைக்காரருக்கு இது விளங்கவே இல்லை. மண்ணை மேல், கீழ் என்று எப்படிப் பிரிப்பது? 1966இல் தீவுக்கு வந்த ஆஸ்திரேலிய அமைச்சர் சார்ல்ஸ் பார்ன்ஸிடம் நேராகவே கேட்டார்கள், எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று. தனியாக எதுவும் கிடையாது, பலன் பப்புவா நியூ கினி முழுவதற்கும் என்பது அவர் பதிலின் சாரம். அங்கிருந்து சட்டமன்றத்துக்குப் போயிருந்த பால் லாபுன் என்ற உறுப்பினர் விடவில்லை. போராடி ஒரு திருத்தத்தை நிறைவேற்ற வைத்தார்: அரசுக்கு வரும் ராயல்டியில் ஐந்து சதவீதம் நிலத்துக்காரர்களுக்கு.

ஐந்து சதவீதம் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ராயல்டி எவ்வளவு தெரியுமா? விற்பனை மதிப்பில் ஒன்றேகால் சதவீதம். அதாவது நூறு ரூபாய்க்குச் செம்பு போனால் அரசுக்கு ராயல்டியாக ஒன்றேகால் ரூபாய். அந்த ஒன்றேகால் ரூபாயில் ஐந்து சதவீதம், ஆறேகால் பைசா, மலையின் சொந்தக்காரர்களுக்கு. நில வாடகையும் இழப்பீடும் தனியாக உண்டு, மறுக்கவில்லை. எல்லாவற்றையும் கூட்டினாலும் கதை பெரிதாக மாறவில்லை. சுரங்கம் ஓடிய பதினேழு ஆண்டுகளில் விளைந்த வருவாயைப் பங்கிட்டுப் பார்த்தால், நாட்டின் மைய அரசுக்குச் சுமார் 62 சதவீதம், வெளிப் பங்குதாரர்களுக்குச் சுமார் 33, மாகாண அரசுக்கு நாலு சொச்சம், நிலத்துக்காரர்களுக்கு ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. நாட்டின் மொத்த ஏற்றுமதியில் ஏறத்தாழ 44 சதவீதம் அந்த ஒரு குழியிலிருந்து போயிற்று.

இன்னொரு விஷயம், அதிகாரிகளின் கண்ணுக்குப் படாதது. போகன்விலின் பெரும்பாலான பகுதிகளில் நிலம் தாய்வழியில் இறங்குவது. மண்ணைப் பற்றிப் பெண்களைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாது. நிறுவனமும் நிர்வாகமும் பேச உட்கார்ந்ததோ ஆண்களோடு. துறைமுகத்துக்கு நிலம் எடுக்க 1969 ஆகஸ்டில் ரோரோவானா கிராமத்துக்கு அளவைக்காரர்கள் வந்து முளை அடித்தபோது, ஊர்ப் பெண்கள் அந்த முளைகளைப் பிடுங்கினார்கள். காவலர்கள் தடியோடும் கண்ணீர்ப்புகையோடும் இறங்கினார்கள். அந்தப் படங்கள் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் வந்து கான்பெராவுக்குத் தலைக்குனிவாயிற்று. பெர்த் கோதுமை விவசாயிக்காக 1933இல் உட்கார்ந்து கணக்குப் பார்த்த அதே கான்பெரா இது. அவர்கள் தன் மக்கள், இவர்கள் காலனி மக்கள். வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

1975 செப்டம்பர் 16இல் பப்புவா நியூ கினி சுதந்திரம் பெற்றது. அதற்குப் பதினைந்து நாள் முன்னால், செப்டம்பர் 1ஆம் தேதி, போகன்வில் தன்னை வட சாலமன் குடியரசு என்று அறிவித்துக்கொண்டது. ஏன் அந்தத் தேதி? புதிய நாட்டின் அரசியலமைப்பை வரைந்த குழுவை உண்மையில் நடத்தியவர் ஜான் மோமிஸ் என்ற போகன்வில் பாதிரியார். மாகாணங்களுக்கு அதிகாரம் கொடுக்கும் பகுதி அந்த வரைவில் இருந்தது. ஜூலை கடைசியில் அந்தப் பகுதியை அப்படியே எடுத்துவிட்டார்கள். ஒரு மாதத்தில் தனிநாடு அறிவிப்பு. ஒரு நாட்டின் அரசியலமைப்பை எழுதிய மனிதரே அந்த நாட்டிலிருந்து எங்களை விடுவியுங்கள் என்று ஐ.நா. சபைக்குப் போய் நின்றார். ஐ.நா. கண்டுகொள்ளவில்லை.

எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. பங்கு குறைவு என்பதற்காக மட்டும் மக்கள் நாட்டை விட்டுப் போவதில்லை, அதைப் பொறுத்துக்கொண்டு உலகில் எத்தனையோ பகுதிகள் கிடக்கின்றன. கொடுக்கிறேன் என்று எழுதியதைத் திரும்ப அழிக்கும்போது, அடுத்த முறை எழுதித் தருவதை நம்ப ஆள் இருப்பதில்லை. எரித்ரியாவைப் பாருங்கள். 1952இல் ஐ.நா. தீர்மானத்தின்படி எத்தியோப்பியாவோடு கூட்டாட்சியாகச் சேர்ந்தது. பத்தே ஆண்டில், 1962இல், பேரரசர் ஹைலே செலாசி அந்தக் கூட்டாட்சியை ஒழித்து அதை ஒரு மாகாணமாக்கினார். முப்பது ஆண்டுப் போர். இலங்கையைப் பற்றி இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழர் தலைமையோடு செய்த 1957இன் ஒப்பந்தம் மறு ஆண்டே கிழிபட்டது, 1965இன் ஒப்பந்தம் கிடப்பில் போனது. தனிநாடு என்று வட்டுக்கோட்டையில் தீர்மானம் வந்தது அவற்றுக்கெல்லாம் பிறகு, 1976இல்.

கட்டலோனியா இதே ரகம்தானா என்று கேட்பீர்கள். ஓரளவுக்கு. அது ஏழைப் பகுதி இல்லை, ஸ்பெயினின் பணக்காரப் பகுதி. பாஸ்க் பகுதிக்குத் தன் வரியைத் தானே வசூலிக்கும் உரிமை உண்டு, கட்டலோனியாவுக்கு இல்லை என்ற புகைச்சல் பழையது. இருந்தும் தனிநாடு கேட்டவர்கள் அங்கே நீண்ட காலம் சிறுபான்மைதான். 2006இல் புதிய தன்னாட்சிச் சட்டத்தை ஸ்பெயின் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, கட்டலன் மக்களும் வாக்களித்து ஏற்றார்கள். 2010இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதன் 14 பிரிவுகளைச் செல்லாது என்றது. 2012இல் வரி உடன்பாடு கேட்டுப் போன கட்டலன் அரசுத் தலைவர் ஆர்த்தூர் மாஸை மாட்ரிட் வெறுங்கையோடு அனுப்பியது. இருபது சதவீதத்தைத் தொடாமல் கிடந்த தனிநாட்டு ஆதரவு, கருத்துக்கணிப்புகளில் நாற்பதைத் தாண்டியது அந்தச் சில ஆண்டுகளில்தான். பணக்காரப் பகுதியின் தன்னலம் அதில் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. ஆனால் தன்னலம் 2005லும்தான் இருந்தது.

தீவுக்குத் திரும்புவோம். 1976இல் சமரசமாயிற்று. போகன்விலுக்கு மாகாண அரசு கிடைத்தது, மோமிஸ் மைய அரசியலுக்குத் திரும்பி அமைச்சரும் ஆனார். சுரங்க ஒப்பந்தத்தை 1974இல் திருத்தியபோது, ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று ஒரு விதி போட்டிருந்தார்கள். நல்ல விதி. 1981இல் அந்த மறுபரிசீலனை நடந்து முடியவில்லை. 1988இல் மறுபடி தேதி வந்தது, அப்போதும் நடக்கவில்லை. இத்தனை ஆண்டும் சுரங்கக் கழிவு மண் கவெரோங், ஜாபா ஆறுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. மொத்தக் கழிவு நூறு கோடி டன்னைத் தாண்டியதாகக் கணக்கு. ஆற்றில் மீன் போயிற்று, பழந்தின்னி வௌவால்கள் காணாமல் போயின என்று ஊர்க்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் ஒரு தலைமுறை மாறிவிட்டது. 1960களில் நில வாடகைப் பட்டியலில் பெயர் ஏறிய குடும்பத் தலைவர்களுக்கு வாடகை போய்ச் சேர்ந்தது. அவர்களின் மருமக்களும் பிள்ளைகளும் வளர்ந்து நிலம் கேட்டால் நிலம் இல்லை, பணம் கேட்டால் பெரியவர்கள் கையில். அந்த இளையவர்களின் தலைவர் பிரான்சிஸ் ஓனா, சுரங்கத்திலேயே அளவையாளராகவும் பிறகு லாரி ஓட்டுநராகவும் வேலை பார்த்தவர். அவரும் உறவினர் பெர்பெச்சுவா செரேரோவும் புதிய நிலத்துக்காரர் சங்கத்தை அமைத்தார்கள். அந்நாட்டு நாணயமான கினாவில் பத்து பில்லியன் இழப்பீடு கேட்டார்கள். யாரும் கொடுக்க முடியாத தொகை, அது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். 1988 நவம்பரில் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் கூட்டம் போட்டு, நீங்கள் சொல்லும் இழப்புகளில் பலவற்றுக்குச் சுரங்கம் காரணமில்லை என்றார்கள். ஓனா எழுந்து வெளியேறினார். சில நாட்களில் சுரங்கக் கிடங்கிலிருந்து வெடிமருந்து காணாமல் போயிற்று. மின்கோபுரங்கள் சாய்ந்தன. 1989 மே மாதம் சுரங்கம் மூடப்பட்டது.

ஓனா முதலில் கேட்டது தனிநாடு இல்லை என்பதைக் கவனியுங்கள். இழப்பீடு, சுரங்கத்தை மூடு, அவ்வளவே. காவல்துறையின் கலவரத் தடுப்புப் படை வந்து ஊர்களைக் கொளுத்திய பிறகுதான் சுரங்கத் தகராறு தேசப் போராகியது. 1990இல் படை விலகியது, கடல்வழியை அடைத்தது. மருந்தும் மண்ணெண்ணெயும் வரவில்லை. தேங்காயெண்ணெயை ஊற்றி ஜீப் ஓட்டினார்கள். அதைப் படமெடுத்து உலகம் ரசித்தது. பிரசவத்திலும் மலேரியாவிலும் செத்தவர்களை யாரும் படமெடுக்கவில்லை. போரிலும் மருந்தில்லாமலும் இறந்தவர்கள் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் வரை என்று மதிப்பீடுகள் சொல்கின்றன. அவர்களில் எல்லாரும் அரசுப் படையின் கையால் சாகவில்லை. போகன்வில் புரட்சிப் படையும், அதை எதிர்த்த போகன்வில் எதிர்ப்புப் படையும் மோதி மடிந்தவர்களும் உண்டு. விடுதலைப் பேச்சில் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறோம். தெற்கு சூடானில் 2011இல் 98 சதவீதத்துக்கு மேல் விடுதலைக்கு வாக்களித்தவர்கள், 2013 டிசம்பரில் ஒருவரையொருவர் சுட ஆரம்பித்தார்கள்.

1997இல் பப்புவா நியூ கினிப் பிரதமர் ஜூலியஸ் சான் வெளிநாட்டுக் கூலிப்படையை வரவழைத்துச் சுரங்கத்தைப் பிடிக்கப் பார்த்தார். அவருடைய படைத் தளபதி ஜெர்ரி சிங்கிராக்கே அதை எதிர்த்துக் கிளம்ப, சான் பதவியிலிருந்து ஒதுங்க வேண்டியதாயிற்று. அந்தக் கூத்து முடிந்த பிறகுதான் பேச்சுக்கு வழி பிறந்தது. 2001 ஆகஸ்ட் 30இல் தீவின் அராவா நகரில் சமாதான ஒப்பந்தம். ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும், தன்னாட்சி அரசு அமையும், அது அமைந்த பத்து முதல் பதினைந்து ஆண்டுக்குள் வாக்கெடுப்பு. முடிவு நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, இரு தரப்பும் கலந்து பேச வேண்டும், இறுதிச் சொல் போர்ட் மோர்ஸ்பி நாடாளுமன்றத்தினுடையது. இந்தக் கடைசி வரியில்தான் எல்லாம் தொங்குகிறது. கியூபெக் வழக்கில் 1998இல் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது: தன்னிச்சையாகப் பிரிந்து போக உரிமை இல்லை, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை வந்தால் பேச மறுக்கவும் உரிமை இல்லை.

பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முன்னாள் புரட்சிப் படைத் தளபதி இஷ்மாயில் தொரோமா 2020இலிருந்து தன்னாட்சி அரசின் தலைவர். 2027 செப்டம்பர் 1 விடுதலை நாள் என்று அறிவித்திருக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதுமா, மூன்றில் இரண்டு வேண்டுமா என்ற வாதமே ஓராண்டு இரண்டாண்டைத் தின்றுவிட்டது. போகன்விலை விட்டால் மற்ற மாகாணங்களும் கேட்குமே என்ற பயம் போர்ட் மோர்ஸ்பிக்கு உண்டு. எண்ணூறுக்கு மேற்பட்ட மொழி பேசும் நாடு, பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

விடுதலை கிடைத்தால் செலவுக்குப் பணம்? கோகோ இருக்கிறது, கொப்பரை இருக்கிறது, போதாது. மறுபடியும் பங்குனா. எந்தக் குழிக்காக நாட்டை விட்டே போகிறோம் என்றார்களோ, அதைத் திறந்துதான் தனிநாட்டை நடத்த வேண்டும் என்று இன்றைய தலைமை கருதுகிறது. சுரங்க நிறுவனத்தின் பழைய தாய் நிறுவனமான ரியோ டின்டோ 2016இல் தன் பங்குகளை விட்டுவிட்டு விலகியது. 2015இல் போகன்வில் தானே ஒரு சுரங்கச் சட்டம் போட்டது. அதன்படி கனிமம் பாரம்பரிய நிலத்துக்காரர்களுக்குச் சொந்தம், வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு. 1966இல் பார்ன்ஸிடம் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் எழுதிய சட்டம் என்று சொல்லலாம்.

அந்தச் சட்டத்தின் கீழ் பழைய சுரங்க நிறுவனத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கலாமா என்று ஊரைக் கூட்டிக் கேட்டபோது நிலத்துக்காரர்கள் இரண்டுபட்டு நின்றார்கள். இன்னொரு சண்டை வந்துவிடும் என்று அஞ்சி, அப்போது தன்னாட்சி அரசின் தலைவராக இருந்த அதே மோமிஸ் 2018 ஜனவரியில் உரிமத்தை மறுத்தார். 2024இல் தொரோமா அரசு அதே நிறுவனத்துக்கு ஆய்வு உரிமத்தை ஐந்தாண்டுக்குக் கொடுத்தது. செம்பு வெளியே வர ஆரம்பித்தால், புதிய நாட்டின் கருவூலத்துக்கு எவ்வளவு, பங்குனா மலைக்காரருக்கு எவ்வளவு, ஜாபா ஆற்றோரத்தில் மண்மூடிக் கிடக்கும் ஊர்களுக்கு எவ்வளவு என்ற கணக்கைப் போடப்போவது புக்காவில் இருக்கும் போகன்வில் அரசு. மலைக்காரர் யார், பட்டியலில் யார் பெயர் ஏறும் என்ற தகராறு இன்னும் தீரவில்லை.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. கேள்விகளுக்கு வரலாம்.